நம்மூரில் செய்த மூக்குக்கண்ணாடி

இதை நான் சொல்ல, என் மனைவி எழுதுகிறாள். எழுதத் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். அரசாங்க இலாகா ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். மயிரிழை மாதிரி கோடு போடுவேன். இப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது, நடுப்பார்வை போய் நான்கு வருஷமாகிறது. எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. அதைச் சுற்றி இருப்பதெல்லாம் லேசாகக் கலங்கினாற்போல் தெரியும்.

பழகிவிட்டால் அது அவ்வளவு மோசமில்லை. கோயில் கோபுரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துப் பாத்திரக் கடையின் போர்டைப் பார்ப்பேன். கோபுரம் ஓரமாக வந்து நிற்கும். குளத்துத் தண்ணீரைப் பார்க்கப் படிக்கட்டைப் பார்ப்பேன். என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைப் பார்க்க வேண்டும். வெளியே வேப்பமரம் அசையும், மரத்துக்கு இப்பால் அவள் முகம் மிதந்துகொண்டிருக்கும். கல்யாணமான புதிதில்கூட அவளை இப்படித் திருட்டுத்தனமாகப் பார்த்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள், அப்பா எதையாவது சொல்லட்டும், அம்மா எழுதட்டும், பொழுது போகும் என்றாள். சரியென்று ஆரம்பித்திருக்கிறோம். ஆனால் இதில் ஒரு இடம் வரும். அது என் மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். அதோடு தினமும் நாலு மணிக்கு அவள் எனக்குப் படித்துக் காட்டுவதும் நின்றுபோகலாம். எனக்கு இப்போது இருக்கும் பயம் அது ஒன்றுதான்.

இந்த வரியை எழுதியதும் பேனாச் சத்தம் நின்றது. பிறகு, “சொல்லுங்கோ” என்றாள்.

கயாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், எனக்குக் கண் நன்றாக இருந்தபோது, இருவரும் காசிக்கும் கயாவுக்கும் போனோம். அங்கே போனவர்கள் பிடித்ததை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கயாவில் ஓர் ஆலமரத்தடியில் நிற்கவைத்து, ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை சொல்லுங்கள், இனிமேல் அதைத் தொடுவதில்லை என்று ஜலம் விடுங்கள் என்பார்கள். பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம். நடைமுறையில் அவரவர் சாமர்த்தியம். நான் சுரைக்காயை விட்டேன். எனக்குச் சுரைக்காயைக் கண்டாலே ஆகாது. எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ மலையில் விளையும் பழத்தின் பெயரைச் சொன்னார். அதை அவர் தின்றே இருக்க மாட்டார்.

என் மனைவிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பழத்துக்குப் பலாப்பழத்தை விட்டாள். அவளுக்கு உயிர் அது. இலைக்கு முருங்கையை விட்டாள். காய் என்றதும் நின்றுவிட்டாள். பிடித்த காய் கத்திரிக்காய். எண்ணெய்க் கத்திரிக்காய், ரசவாங்கி, சுட்டுப் பிசைந்த கொத்சு என்று வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் ஏதோ ஓர் உருவத்தில் அது வந்து போகும். சந்தையில் காம்பைத் தொட்டுப் பார்த்தே விதை முற்றியதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். அவளால் அதை விட முடியவில்லை. பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் காத்திருந்தார்கள். சடங்கு செய்துவைத்த வாத்தியார் அவசரப்படுத்தினார்.

அன்று காலையில்தான் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய குடை ஒன்று முதல் காற்றிலேயே அண்ணாந்து மடங்கியிருந்தது. கைப்பிடியில் வெளிதேசத்துப் பெயர். அந்த எரிச்சல் மனசில் இருந்திருக்க வேண்டும். “காய்க்குப் பதிலா வெளிதேசத்துச் சாமானை விட்டுடறேனே” என்றாள். வாத்தியார் ஒரு கணம் விழித்தார். அவர் சர்வீஸில் யாரும் அப்படி ஒன்றை விட்டிருக்க மாட்டார்கள். பிறகு, சரி, ஜலத்தை விடுங்கோ என்றார். விட்டுவிட்டாள்.

திரும்பி வரும் ரயிலில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கத்திரிக்காய் தப்பித்தது என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருப்பது சேராது, மருந்துக்கு விலக்கு, மற்றபடி விட்டது விட்டதுதான் என்று மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டே சட்டம் போட்டாள். அன்றிலிருந்து அவளோடு கடைக்குப் போவது பெரிய பாடு. கடிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பாள், டார்ச் லைட்டைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ரங்கநாதன் தெருவில் ஒரு ஹேர்பின் அட்டைக்காக நாலு கடை ஏறி இறங்கியிருக்கிறோம். நான் கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ஆனால் என் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து எந்த தேசத்தில் தயாரானது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

கண் மங்க ஆரம்பித்ததும் முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். ஒரு வருஷம் அதை வைத்துப் பேப்பர் படித்தேன். அப்புறம் அதுவும் உதவவில்லை, அலமாரிக்குள் போயிற்று. அன்று முதல் நாலு மணிக் காபிக்குப் பிறகு அவள் படிப்பாள், நான் கேட்பேன். முதலில் பேப்பர். பிறகு அவள் அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்து பைண்டு பண்ணி வைத்த தொடர்கதைகள். அலமாரியின் அடித்தட்டு முழுக்க அவைதான். கதைக்கு நடுவே பற்பொடி விளம்பரமும், தலைமுடித் தைல விளம்பரமும் வரும். அதையும் விடாமல் படிப்பாள். நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் எனக்கு நடுவில் எந்த ஓட்டையும் இல்லை. எல்லாம் முழுசாகத் தெரியும். கதையில் மழை பெய்தால் எங்கள் ஹாலில் ஈர வாசனை வரும். கொஞ்சம் தூங்கியும் போவேன். தூக்கத்தில் கதை தானாக மேலே நடக்கும். விழித்தால் அவள் குரல் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். எது பத்திரிகையில் வந்தது, எது நான் கண்டது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல மாட்டேன்.

அவள் படிக்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியை உடைத்தவன் நான்தான். போன ஆவணியில் ஒரு மத்தியானம், அவள் அதைக் கழற்றிப் பிரம்பு நாற்காலியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியை நேராகப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். நேராகப் பார்த்ததுதான் தப்பு. சத்தம் கேட்டதும் புரிந்துவிட்டது. காசிக்கு முந்தி வாங்கிய கண்ணாடி அது, சட்டத்துக்கு உட்படாதது. இரண்டு கண்ணும் சில்லாகி, காது கம்பியும் போய்விட்டது. அவள் வந்து பார்த்தாள். உங்களுக்குக் குத்திற்றா என்று கேட்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தொடர்கதையில் அப்போது ஒரு பெண் இருபது வருஷம் கழித்துத் தன் ஊர் ஸ்டேஷனில் இறங்கப் போகிறாள். ரயில் நின்றுவிட்டது. ஒரு கால் படியில் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றது.

மறுநாளே தெற்கு மாட வீதியில் கண்ணாடி வண்டி போட்டிருப்பவரிடம் போனோம். நம்ம ஊர்ச் சரக்குதானம்மா எல்லாம் என்றார் அவர். என் மனைவி ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் எடுத்து, காது கம்பியின் உள்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். அதை வைத்துவிட்டு அடுத்தது. கடைசியில் முதலில் போட்டதைக் கழற்றி, வேறொன்றைப் போட்டுக்கொண்டு அதையும் படித்தாள். இப்படிப் பதினைந்து இருபது ஆகியிருக்கும். வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “இன்னாம்மா, கண்ணாடி போட்டுக்கினு கண்ணாடியவே படிச்சிக்கினு கீற? எல்லாத்துலயும் சைனான்னுதான் போட்டுகீது” என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவரிடம் இரண்டு சீப்பு வாங்கினாள். அவை இந்த ஊர்ச் சீப்பு.

பாண்டி பஜாரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். உள்ளே குளிர். சுவர் முழுக்க விளக்கும் கண்ணாடியுமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு நடுவில் ஒன்றுமில்லை, ஓரங்களில் மட்டும் வெளிச்சம் ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அங்கேயே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. கடைப் பெண் பொறுமையாகப் பேசினாள். பிராண்டு நம்மளுடையது என்றாள். எங்கே செய்தது என்று இவள் கேட்டதற்கு, டிசைன் இங்கேதான் என்றாள். செய்தது எங்கே என்று மறுபடியும் கேட்டதற்கு, பாகமெல்லாம் வெளியிலிருந்து வரும், பூட்டுவது இங்கே என்றாள். இவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். மகள் பெங்களூரிலிருந்து இரண்டு அனுப்பினாள். அவையும் அப்படியே திரும்பிப் போயின.

நான் வாதாடாத வாதம் இல்லை. மருந்துக்கு விலக்கு உண்டே, கண்ணாடியும் மருந்துதானே என்றேன். கண்ணாடியை யாராவது முழுங்குவாளா என்று கேட்டாள். நீ விட்டது கத்திரிக்காயைக் காப்பாற்ற, அது ஒரு விரதமா என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு நாள் படிக்கப் பார்த்தாள். வரி வரியாக நகர்த்தினால் தலை சுற்றுகிறது என்று வைத்துவிட்டாள். மகள் போனில் ஏதோ ஏற்பாடு செய்து கொடுத்தாள். அது பேப்பரைப் படித்தது, ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்தில் வருகிறது என்று அறிவிக்கும் குரலில். இறந்தவர்கள் பெயரையும் அதே குரலில் படித்தது. மூன்றாம் நாள் நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாலு மணிக்குக் காபி வரும். குடிப்போம். வேப்பமரத்தில் காக்கை கத்தும். அந்தப் பெண் ரயில் படியில் ஒரு காலை வைத்தபடி ஐந்து வாரம் நின்றாள். ராத்திரி கனவில் வந்து, இறங்கட்டுமா என்று என்னையே கேட்பாள்.

எனக்குப் பயமாக இருந்தது. பார்வை போனபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை. பார்வை போன இடத்தில் அவள் குரல் வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் போனால் நடுவில் வெறும் ஓட்டைதான்.

அடையாறில் கண் ஊசி போட்டுக்கொண்டு ஒருநாள் ஆட்டோவில் திரும்பினோம். டிரைவர் கடலோரமாக வந்தார். நொச்சிக்குப்பம் வரும்போது ரோட்டோரத்தில் மீன் வாடை, பெண்கள் விலை சொல்லும் குரல், கட்டுப் போட்ட கண்ணுக்குள் மஞ்சள் மஞ்சளாக வெயில். நானும் அவளும் மறுபடி கண்ணாடிச் சண்டையில் இருந்தோம். டிரைவர் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ராயப்பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார், லென்ஸைக் கையாலேயே தேய்த்துப் போடுவார், அவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று நேரே அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினார்.

கடை ஓர் அலமாரி அகலம் இருந்தால் அதிகம். தேய்க்கிற சக்கரம், அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பாய்க்கு ஐம்பது வயது இருக்கலாம். போனில் வீட்டோடு உருதுவில் பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார். என் மனைவி கயாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நேர்ந்துக்கிட்டது நேர்ந்துக்கிட்டதுதானம்மா என்றார். லென்ஸை இங்கேயே தேய்த்துத் தருகிறேன், ஃபிரேம் வடக்கே ஓர் இடத்தில் செய்கிறார்கள், வரவழைக்கிறேன், ஆனால் திருகாணிக்குச் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். திருகாணியை நான் கேட்கவில்லை என்றாள் இவள். இருவருக்கும் சட்டென்று ஒத்துப்போய்விட்டது. அளவு எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் தொடர்கதையை எடுத்துத் தூசி தட்டி வைத்தாள்.

பத்து நாள் கழித்து என் போனுக்கு அழைத்தார். அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஃபிரேம் வந்ததாம், லென்ஸை ஏற்றச் சூடு காட்டியபோது மூக்கில் உட்காரும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டதாம். அடுத்தது எப்போது அனுப்புவார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லையாம். அதே அளவில், அதே நிறத்தில் கடையில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது நம்மூர் இல்லை, அம்மாவை அழைத்து வாருங்கள், சொல்லிவிட்டுத் தருகிறேன் என்றார்.

நான் தனியாகப் போனேன். அதே ஆட்டோக்காரர் கைபிடித்து இறக்கிவிட்டார். அந்த ஃபிரேமிலேயே போட்டுக் கொடுங்கள், அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பாய் சக்கரத்தை நிறுத்தினார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“நான் பொய் சொல்ல மாட்டேன் சார். அம்மா வந்து கேட்டா உள்ளத சொல்லிடுவேன்” என்றார். “காது கம்பியில உள்பக்கம் எழுதி கீது. அத தேச்சு எடுக்கச் சொல்லாதீங்க. வூட்ல இன்னா சொல்றீங்களோ, அது உங்க பாடு.”

வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அதில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாது. கழற்றிவிட்டால் எதையுமே படிக்க முடியாது. மாட வீதியில் ஒன்றைப் போட்டு இன்னொன்றைப் படித்தாள். வீட்டில் இருக்கப்போவது ஒன்றே ஒன்று. டிராஃப்ட்ஸ்மேன் புத்தி, அளவு சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட்டது.

அவள் உறையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். காலண்டரைப் படித்தாள், மருந்துச் சீட்டைப் படித்தாள். நன்றாகத் தெரிகிறது என்றாள். குரலே மாறிவிட்டது.

“பார்த்து வாங்கினேளா?” என்று கேட்டாள்.

“பார்த்தேன்” என்றேன்.

“நம்மூர்ல பண்ணதுதானே?”

“ஆமாம்” என்றேன். ஐம்பது வருஷத்தில் அவளிடம் பொய்யே சொன்னதில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். ஆனால் குருடன் பார்த்தேன் என்று சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அன்றைக்குப் படிக்க வேண்டாம், விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது என்றாள். மறுநாள் நாலு மணிக்கு அந்தப் பெண் இரண்டாவது காலையும் எடுத்துப் பிளாட்பாரத்தில் வைத்தாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். காபி சூடு என்று சமாளித்தேன்.

அப்புறம் ஆறு மாசம் நன்றாகவே போயிற்று. அந்தப் பெண் ஊருக்குள் நடந்தாள், வீட்டைக் கண்டுபிடித்தாள், கதவு பூட்டியிருந்தது, மழை வந்தது. பற்பொடி விளம்பரம் வந்தது. என் கண் ஓரங்களில் சாயங்காலம் நீலமாகக் கரையும், அவள் குரல் நடுவில் கேட்டுக்கொண்டிருக்கும். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கம் புரட்டும்போது அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொள்வாளே, அந்தச் சின்ன அசைவு ஓரத்தில் தெரியும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். சாப்பாட்டில் குறை சொல்லக்கூட வாய் வரவில்லை. தினமும் புடலங்காய், இல்லாவிட்டால் வாழைத்தண்டு. இப்போது வருகிற கத்திரிக்காயெல்லாம் பூச்சி, வாங்கவே பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பூச்சி தெரியுமா, காம்பு தெரியுமா? போட்டதைச் சாப்பிட்டேன்.

போன வாரம் தொடர்கதை முடிந்துவிட்டது. அடித்தட்டிலிருந்து அடுத்த பைண்டை எடுத்து வைத்திருக்கிறாள். அதைத் தொடங்குவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் கழற்றி வைத்துவிடுவாள், பிடிவாதக்காரி, எனக்குத் தெரியும். அந்தக் கதை தொடங்காமலே போகலாம். இருந்தாலும் நாள் முழுக்க இந்தப் பொய்யைக் காதில் மாட்டிக்கொண்டு எனக்காகப் படிக்கிறவளை இனிமேல் ஏமாற்ற முடியவில்லை. அதனால் சொல்கிறேன், எழுது. நீ இப்போது போட்டுக்கொண்டு எழுதுகிற கண்ணாடி நம்மூரில் செய்தது இல்லை. தெரிந்தேதான் வாங்கினேன். பாய்மேல் தப்பில்லை, நான் சொன்ன பொய்.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பேனா நிற்கவில்லை. கடைசி வார்த்தைவரை காகிதத்தில் ஊர்ந்தது, புள்ளி வைத்த சத்தம்கூடக் கேட்டது.

“எழுதியாச்சு. மேலே சொல்லுங்கோ” என்றாள்.

நான் சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

“அன்னிக்குச் சாயங்காலமே உங்க பூதக்கண்ணாடியை எடுத்து வச்சுண்டு பார்த்துட்டேன். மறுநாள் கார்த்தால அம்பாள் சன்னிதிக்குப் போய் மாத்திண்டு வந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. எதை மாற்றிக்கொண்டாய் என்றேன்.

“கயாவுல விட்டதுக்குப் பதிலாக் கத்திரிக்காயை விட்டுட்டேன்” என்றாள்.

பூச்சி என்றாயே என்று கேட்டேன்.

“பூச்சியெல்லாம் ஒண்ணுமில்லை. நீங்க பார்த்தேன்னு சொன்னேளே, அது மாதிரிதான்.”

அவள் காகிதத்தை நகர்த்தி வைப்பது கேட்டது. இதையுமா எழுதணும் என்று கேட்டாள். எழுது என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.